கொட்டிலில் விட்டுப் போகும் மோட்டார் சைக்கிள்

ஒரு தம்பி எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் வீடு. அவர் அடுத்த மாதம் கத்தாருக்கு வேலைக்குப் போகிறார், இரண்டு வருட ஒப்பந்தம். அவருடைய பஜாஜ் சி.ரி. 100 வீட்டோடு இறக்கிய தகரக் கொட்டிலில்தான் நிற்கப்போகிறது. அதே கொட்டிலில் அப்பாவின் லான்ட் மாஸ்டர் (கைபிடி பிடித்து ஓட்டுகிற இரு சக்கர உழவு மெசின்), நெல் மூட்டை, உரப்பை, மருந்து தெளிக்கும் மெசின், அக்காவின் மூன்று பிள்ளைகளின் சைக்கிள்கள், பொழுதுபட்டால் கோழிகள். "விற்க மனமில்லை. பொலித்தீனால் நல்லாச் சுற்றிக் கட்டிப்போட்டுப் போனால் காணுமா?" என்று கேட்கிறார்.

காணாது. சுற்றாமல் விட்டால்கூட இதைவிடப் பரவாயில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

தம்பி, நீங்கள் கொட்டிலில் உள்ள சாமான் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் உள்ள ஆட்களை எழுதவில்லை. கிளிநொச்சியில் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் திருத்த வேலை செய்கிறேன். வெளிநாடு போனவர்கள் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள்கள் வருடத்துக்கு நாலைந்தாவது என்னிடம் வரும். கள்ளன் கெடுத்தது குறைவு. எலி கெடுத்தது கொஞ்சம். மிச்சம் எல்லாம் "ஒருக்காக் கடைக்குப் போட்டு வாறன்" என்று எடுத்தவர்கள் கெடுத்தது. சித்தப்பாவின் மகன் எடுப்பார், பக்கத்து வளவுப் பொடியன் எடுப்பார், வயலுக்கு அவசரமென்று அப்பாவே எடுப்பார். ஒயில் பார்க்கிற ஆள் இருக்காது. ஒருவர் பெற்றோல் குழாயைத் திறந்து விட்டிருப்பார், இன்னொருவர் சைட் ஸ்ராண்டில் ஈர மண்ணில் நிறுத்தியிருப்பார். ஆறு மாதத்தில் ஒரு பக்கம் வைசர் உடைந்திருக்கும். யார் உடைத்தது என்று கேட்டால் வீட்டில் பத்து நாள் கதை நிற்கும்.

ஆகவே முதல் வேலை ஆட்களோடு. என் அபிப்பிராயம், இரண்டு வருடத்துக்கு அதை நிறுத்தி வைக்கவே வேண்டாம். ஒரே ஒரு ஆளிடம் திறப்பைக் கொடுத்து ஓட விடுங்கள். அத்தான் இருக்கிறார்தானே? அவரிடம் லைசன்ஸ் இருந்தால் அவர்தான் பொருத்தம். திறப்பு அவரிடம் மட்டும். கதவுக்குப் பின்னால் ஆணியில் திறப்பு தொங்கக்கூடாது. வேறு யாருக்கும் தேவை என்றால் அவர் கொண்டுபோய் விடட்டும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை மூன்றையும் தவறவிடாமல் எடுக்க வேண்டியதும் அவர் பொறுப்பு. லைசன்ஸ் இல்லாத பொடியன் யாரையாவது இடித்தால் வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வருவார்கள். தோகாவில் இருந்துகொண்டு நீங்கள் அதற்குப் பதில் சொல்ல முடியாது. புத்தகத்தைச் சீற்றுக்குக் கீழே வைக்காமல் அம்மாவின் அலுமாரியில் வையுங்கள்.

பத்து நாளைக்கு ஒரு தடவை அரை மணித்தியாலம் ஓடினால் போதும். இரணைமடுக் குளக்கட்டு வரை போய் வந்தாலே காணும். ஆனால் கொட்டிலுக்குள் நிறுத்தியபடி ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணிவிட்டு நிப்பாட்டுவதை யாரும் செய்யக்கூடாது. பலர் இதை நல்ல பழக்கமென்று நினைத்து ஒவ்வொரு காலையும் செய்கிறார்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிப்பாட்டினால் சைலன்சருக்குள்ளேயே படிந்து நிற்கும், கொஞ்சம் ஒயிலுக்குள்ளும் இறங்கும். சைலன்சர் உள்ளுக்குள் இருந்து கறள் பிடித்து அடியில் ஓட்டை விழுவது இப்படித்தான். பற்றரியும் அந்த ஐந்து நிமிடத்தில் இழந்ததைத் திரும்பப் பெறாது.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை, கரி, நாற்றம் எல்லாம் இருந்தது. ஆனாலும் அவை நாள்தோறும் ஓடின, அதனால் நின்று கெடவில்லை. நின்று கெட்டதையும் பார்த்திருக்கிறேன். 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால், புதுமாத்தளன் பக்கம் சனம் விட்டுவிட்டு வந்த மோட்டார் சைக்கிள்கள் மழையிலும் உப்புக் காற்றிலும் குவியலாகக் கிடந்தன. அப்படி மீண்டு வந்த சிலவற்றை நானே பிரித்தேன். ஸ்பார்க் பிளக் இறுக்கமாகப் பூட்டியபடி கிடந்த எஞ்சினுக்குள் ஒயில் பூசியபடியே இருந்தது, பிஸ்டன் அசைந்தது. பிளக் கழன்று கிடந்தவை ஒரே கட்டியாக இறுகிவிட்டன. பெற்றோல் தாங்கி, கம்பிச்சக்கரம், சைலன்சர் எதுவும் மிஞ்சவில்லை. காற்றும் ஈரமும் எங்கே போகிறதோ அங்கேதான் கறள்.

சரி, ஓட விட ஆள் இல்லை, நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

இடத்தை முதலில் பாருங்கள். கொட்டில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? வடகிழக்குப் பக்கம் திறந்திருந்தால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை சாரல் உள்ளே அடிக்கும். தென்மேற்குப் பக்கம் என்றால் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று கிரவல் றோட்டுப் புழுதியை எல்லாம் கொண்டுவந்து கொட்டும். இரண்டும் எட்டாத மூலை ஒன்று எந்தக் கொட்டிலிலும் இருக்கும். ஆனால் அந்த மூலையில் ஏற்கனவே அம்மாவின் விறகு அடுக்கியிருக்கும். கேட்டு மாற்றுங்கள். தகரத்தின் பூட்டாணி ஓட்டைக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். மாசி, பங்குனியில் காலபோக நெல் வந்து இறங்கும்போது கொட்டிலில் கால் வைக்க இடம் இருக்காது, அப்போது முதலில் நகர்த்தப்படுவது மோட்டார் சைக்கிள்தான். அறுவடைக்கு முன்பே அதற்கென்று ஓர் இடம் குறித்து, மூன்று பக்கமும் கட்டை அடித்துவிட்டால் மூட்டை சாய்க்க மாட்டார்கள். லான்ட் மாஸ்டர் திரும்புகிற பக்கத்துக் கட்டையில் பழைய ரயர் ஒன்றைக் கட்டுங்கள். அதன் கைபிடி நீளம். இருட்டில் பின்னுக்கு எடுக்கும்போது அது எங்கே போகிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

தரை மண்ணாக இருந்தால் நடு ஸ்ராண்டின் கீழே ஒரு பலகை வேண்டும். பாலைப் பலகைத் துண்டு கிடைத்தால் நல்லது. மென்மரம் என்றால் கறையான் பிடிக்கும், பழைய ஒயில் பூசி வையுங்கள். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, எஞ்சினின் முன்புறத்துக்குக் கீழே ஒரு கட்டை கொடுத்தால் முன் ரயரும் நிலத்தில் அழுந்தாது. ரயர்களுக்கு வழமையைவிட இரண்டு மூன்று இறாத்தல் காற்றுக் கூடுதலாக அடித்துவிட்டுப் போங்கள்.

அந்தப் பிள்ளைகளின் விடயத்துக்கு வருகிறேன். நடு ஸ்ராண்டில் நிற்கும்போது பின்சக்கரம் காற்றில் தொங்கும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் இல்லை. ஒருவர் சக்கரத்தைச் சுற்றுவார், மற்றவர் செயினைத் தொட்டுப் பார்ப்பார். செயின் பல்லுச்சக்கரத்தில் ஏறுகிற இடத்தில் விரல் அகப்பட்டால், ஒரு சிறு பிள்ளை கையால் சுற்றுகிற வேகமே நுனி விரலை எடுத்துவிடும். என் தங்கையின் மகனுக்கு ஐந்து வயதில் நடந்தது. இன்றைக்கும் அவர் வலது ஆட்காட்டி விரல் நகம் பாதிதான் வளரும். அன்றிலிருந்து யார் வாகனம் வைத்துவிட்டுப் போனாலும் நான் முதலில் செய்கிறது, பின்சக்கரக் கம்பிகளுக்கு ஊடாக ஒரு கயிறு விட்டு ஸ்ராண்டோடு இறுக்கிக் கட்டுவது. செயின் கவர் கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டுங்கள். கைபிடியை இடப்பக்கம் திருப்பிப் பூட்டி, சுவர்ப் பக்கம் சாய்வாக வையுங்கள். பிள்ளை தாங்கியைப் பிடித்து ஏறினாலும் சுவரில்தான் சாயும், பிள்ளை மேல் விழாது. பிள்ளைகளின் சைக்கிளுக்கும் ஒரு இடம் கொடுங்கள். எதிர்ச் சுவரில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தால் தாங்களே கொண்டுபோய் மாட்டுவார்கள். இடம் கொடுக்காவிட்டால் சைக்கிள் கைபிடி உங்கள் தாங்கியில்தான் சாய்ந்து நிற்கும். பெயின்ற் முதலில் போகிற இடம் அதுதான்.

உரம். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நெல்லை விட, மழையை விட, கொட்டிலுக்குள் மோட்டார் சைக்கிளைத் தின்பது உரப்பைதான். எம்.ஓ.பி. என்று நாங்கள் சொல்வது பொட்டாசியம் குளோரைட்டு, கடல் உப்புக்குச் சொந்தக்காரன். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, பை கிழிந்து தூசி பறந்தால் அது படிகிற இடமெல்லாம் கறள் எழும். ஈரம் பட்ட யூரியாவிலிருந்து அமோனியா வரும், அது செம்பையும் பித்தளையையும் பச்சை பிடிக்க வைக்கும். வயர் முனைகள், ஹோர்ன் சுவிச், பற்றரிப் பூட்டாணி எல்லாம் செம்பும் பித்தளையும்தானே. கடலுக்குப் பக்கத்தில் முல்லைத்தீவில் நின்ற வாகனமும் உரப்பைக்குப் பக்கத்தில் மல்லாவியில் நின்ற வாகனமும் ஒரே மாதிரிக் கெட்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. கொட்டிலின் மறு கோடிக்கு உரத்தை மாற்றுங்கள், நிலத்திலிருந்து உயர்த்திப் பலகையில் அடுக்குங்கள். அப்பா உரப்பையைத் தூக்கிச் சீற்றின் மேல் வைத்து ஆறுவார். அதற்கு அன்பாகச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

கோழியும் அப்படித்தான். சீற்றும் கைபிடியும் அதற்கு நல்ல கொப்பு. எச்சம் தாங்கியில் விழுந்து இரண்டு நாள் காய்ந்தால் பெயின்றில் வட்டமாகத் தடம் விழும், தேய்த்தாலும் போகாது. உயரமாக வேறொரு கம்பு கட்டிக் கொடுங்கள். கோழி எப்போதும் இருப்பதில் உயர்ந்த இடத்துக்குத்தான் போகும்.

எலி நெல்லுக்கு வருகிறது, வந்த இடத்தில் சீற்றின் பஞ்சை எடுத்துக் காற்றுப் பெட்டிக்குள் கூடு கட்டுகிறது. பக்கக் கவரைக் கழற்றிக் காற்று போகும் வாயில் மெல்லிய கம்பிவலை ஒன்றைக் கட்டிவிடுங்கள். நஞ்சு வைக்க வேண்டாம். அது செத்து உள்ளே நாறும், கோழியும் பிள்ளையும் திரிகிற இடம் வேறு. வேட்டைக் குளவிக்குச் சைலன்சர் வாய், திறப்புத் துவாரம், தாங்கியின் வழிவுக் குழாய் எல்லாம் வீடு கட்டுகிற இடம். சைலன்சர் வாயில் பழைய துணியைத் திணித்து, அதன் நுனியில் சிவப்புத் துணி ஒன்றை வெளியே தொங்கவிடுங்கள். திறப்புத் துவாரத்துக்கு ஒரு துண்டு ரேப் போதும்.

இனிப் பெற்றோல். மூன்று மாதத்துக்குள் எடுக்கப் போகிற வாகனம் என்றால் தாங்கியை நிரப்பிவிடுவதுதான் முறை, உள்ளே காற்று இல்லாவிட்டால் கறள் இல்லை. உங்களுக்கு இரண்டு வருடம். அந்தப் பெற்றோல் பிசினாகிக் காபரேட்டரில் பெற்றோல் வருகிற சின்னத் துவாரமான ஜெட்டை அடைத்துவிடும். அதோடு உங்கள் கொட்டில் குசினிக்குப் பக்கம். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு ஊர்ந்து அடுப்புக்குப் போகும். பத்து லீற்றரை அங்கே வைத்துவிட்டு நான் நிம்மதியாக நித்திரை கொள்ள மாட்டேன். முழுவதையும் இறக்கி லான்ட் மாஸ்டருக்கு ஊற்றிவிடாதீர்கள், அது டீசலில் ஓடுவது. அத்தானின் வாகனத்துக்குக் கொடுங்கள். போத்தலிலும் கானிலும் எடுத்து வைக்கவும் வேண்டாம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று இருந்தபோது வீட்டுக்கு வீடு குளிர்பானப் போத்தலில் பெற்றோல் நின்றது, அந்தப் பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. தாகம் எடுத்த பிள்ளைக்குப் போத்தல் போத்தல்தான்.

இறக்கிய பிறகு தாங்கிக்குள் அரைக் கோப்பை எஞ்சின் ஒயில் விட்டு நன்றாகக் குலுக்கிச் சுவரெல்லாம் படவிடுங்கள். காபரேட்டரின் கீழே உள்ள சின்ன ஸ்குரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். எஞ்சின் ஒயிலைப் போவதற்கு முன் மாற்றுங்கள், வந்த பிறகு அல்ல. ஓடிய ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அதை உள்ளே விட்டால் அதுவே அரிக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி புது ஒயில் விட்டு, சுவிச்சை ஓவ் பண்ணியபடி ஏழெட்டுத் தடவை மெதுவாக உதைத்து, பிளக்கைத் திரும்ப இறுக்குங்கள். முள்ளிவாய்க்கால் எஞ்சின்கள் சொன்னது அதுதான். செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து 90ஆம் நம்பர் கியர் ஒயில் பூசுங்கள். கிறீஸ் வேண்டாம், புழுதியைக் கூட்டிப் பிடிக்கும். நிக்கல் பூசிய இடமெல்லாம் துணியில் ஒயில் தொட்டு மெல்லியதாகத் துடையுங்கள், பிறேக் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பற்றரியைக் கழற்றிவிடுங்கள். முதலில் நெகட்டிவ் முனை, பிறகு பொசிட்டிவ். மாறிக் கழற்றினால் ஸ்பனர் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும். இரண்டு வருடம் அது தானாக உயிரோடு இராது. மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்ற ஆள் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் தேவையுள்ள யாருக்காவது கொடுத்துவிட்டு வந்து புதிதாக வாங்குங்கள். சார்ஜ் என்றால் அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு, 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு அரை அம்பியர். பெரிய வாகனப் பற்றரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் போட்டால் ஒரே இரவில் வெந்துபோகும். தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் எவ்வளவு வெள்ளைப் படிவு விடுகிறது என்று அம்மாவைக் கேளுங்கள், அது பற்றரித் தகட்டிலும் படியும்.

இப்போது அந்தப் பொலித்தீன். பகலில் தகரம் சூடேறும், இரவில் குளிரும். நிலத்து ஈரம் ஆவியாகி எழும்பும். பொலித்தீனுக்குள் அகப்பட்டது வெளியே போக வழியில்லாமல் இரவில் முத்து முத்தாக இரும்பில் படியும். காலையில் கழற்றிப் பார்த்தால் மழையில் நின்ற மாதிரி இருக்கும். தறப்பாளும் அதுதான். பழைய பருத்திச் சேலை அல்லது இரண்டு சாரத்தைப் பிரித்துத் தைத்துப் போடுங்கள், தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். புழுதி தடுபடும், காற்றும் போகும். கூரை ஒழுக்குப் பயம் இருந்தால் மேலே ஒரு தகரத் துண்டைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், வாகனத்தில் முட்டக்கூடாது. மாதம் ஒரு தடவை அம்மா சேலையைத் தூக்கிப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்பினால், எலியோ குளவியோ வந்திருந்தால் உங்களுக்கு அங்கிருந்தே தெரியும்.

பூட்டுக்குப் பெரிய யோசனை வேண்டாம். கொட்டிலின் மரத்தூணில் சங்கிலி போட்டால் தூணையே தூக்கிக் கழற்றலாம். ஒரு வாளி சீமெந்துக் கலவையில் இரும்பு வளையம் ஒன்றை நிலத்தில் புதைத்து, பின்சக்கரத்தோடு சட்டத்தையும் சேர்த்துக் கட்டுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழசுக்கும் விலை ஏறியது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளம் ஒன்று மிச்சம். 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பி வான்கதவு திறந்தபோது எங்கெல்லாம் தண்ணீர் வந்தது என்று உங்கள் வீட்டாருக்குத் தெரியும். அந்த வருடம் கொட்டிலில் தண்ணீர் ஏறியிருந்தால், அது ஏறிய உயரத்தைத் தூணில் குறித்து, அதற்கு மேலே வாகனத்தைத் தூக்கி வைக்க ஒரு மேடு கட்டுங்கள். தவறி மூழ்கினால் யாரும் உதைத்துப் பார்க்கக் கூடாது. ஒயிலை வடித்து, பால் தேநீர் நிறத்தில் வந்தால் இரண்டு மூன்று தடவை புது ஒயில் மாற்றி, பிளக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் ஸ்ராட்.

திரும்பி வந்த அன்று வந்த களையோடு உடனே உதைக்காதீர்கள், நண்பர்கள் நின்றாலும். கயிற்றை அவிழ்த்து, தாங்கியைக் கொஞ்சம் பெற்றோலால் அலசி ஊற்றி, புதுப் பெற்றோல் விடுங்கள். பிளக்கைக் கழற்றிச் சுவிச் ஓவில் பத்துத் தடவை உதையுங்கள், உள்ளே விட்ட ஒயில் தெறிக்கும், முகத்தை விலக்கி நில்லுங்கள். பிளக்கைத் துடைத்துப் பூட்டி, புதுப் பற்றரி போட்டு, பிறேக் இரண்டும் பிடிக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். முதல் ஐந்தாறு உதைக்குப் பிடிக்காது, பிறகு வெள்ளைப் புகையோடு பிடிக்கும். பத்துப் பதினைந்து உதைக்கும் பிடிக்காவிட்டால் என்னைக் கூப்பிட முன் பின்னால் போய்ப் பாருங்கள், அந்தச் சிவப்புத் துணி இன்னும் சைலன்சரில் தொங்குகிறதா என்று.